போரில் மறைந்த வீரர்களைச் சபை நினைவுகூர்வது எப்படி: ஆயருக்கும் சபையாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆலயத்தில் ஒரு படைவீரரின் பெயரைச் சொல்ல முற்படும்போது சபைகள் இரண்டு பக்கமும் சறுக்குவதைப் பார்க்கிறேன். சில இடங்களில் பிரசங்கபீடம் சுதந்திர தின மேடையாகிவிடுகிறது. முழக்கமும் கைதட்டலும் எழுகின்றன. இறந்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது யாருக்கும் தெரியாமலே ஆராதனை முடிந்துவிடுகிறது. வேறு சில இடங்களில் போரைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு எதுவுமே சொல்வதில்லை. மகனை இழந்த தாய் ஞாயிறுதோறும் வந்து அமர்ந்து, தன் பிள்ளையின் பெயரை ஒருமுறைகூடக் கேட்காமல் வீடு திரும்புகிறார்.

மறைந்த வீரரைக் கிறிஸ்தவர்கள் கனம்பண்ணுவது என்றால் என் பார்வையில் இரண்டே கடமைகள். அவருடைய பெயரைத் தேவனுக்கு முன்பாக உண்மையோடு சொல்லவேண்டும். அவர் விட்டுச்சென்ற வீட்டின் பாரத்தில் பங்கெடுக்கவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறந்தவை. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையாக இருந்தாலும் சிறு மாற்றங்களோடு பின்பற்றலாம். ஆராதனை நாளுக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பெயர்களைத் திரட்டவும் குடும்பங்களைச் சந்திக்கவும் அவ்வளவு காலம் வேண்டும்.

முதல் படி: எதற்காகக் கூடுகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஆயரும் சபைக் குழுவினரும் உட்கார்ந்து முதலில் பேசவேண்டியது இதைத்தான். பூவும் ஒலிபெருக்கியும் அழைப்பிதழும் பிறகு.

இத்தகைய ஆராதனைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் வசனம் யோவான் 15:13. “ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை.” சிலுவைக்கு முந்தின இரவில், தம் மரணத்தை மனத்தில் வைத்து, இயேசு சீடர்களிடம் சொன்னது இது. தோழர்களைக் காக்கத் தன் உடலைக் குறுக்கே வைத்த ஒரு வீரரிடத்தில் அந்த அன்பின் சாயலைக் காண்பது சரியே. ஆனால் வீரரின் இரத்தம் நம்மை மீட்டது என்றும், போர்க்களத்தில் இறந்ததாலேயே அவர் பரலோகம் சேர்ந்தார் என்றும் பேசத் தொடங்கினால் சுவிசேஷம் வேறொன்றாகிவிடும். மீட்பு கிறிஸ்துவின் செயல். நம்மிடம் கேட்கப்படுவது ரோமர் 13:7 சொல்லும் கடன்: “எவனைக் கனம்பண்ணவேண்டியதோ அவனைக் கனம்பண்ணுங்கள்.”

போரைப் பற்றித் திருச்சபைக்குள் ஒரே கருத்து என்றுமே இருந்ததில்லை. தன்னிடம் வந்த போர்ச்சேவகரைப் பார்த்து யோவான் ஸ்நானகன் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவரையும் இடுக்கண்செய்யாமல், சம்பளமே போதும் என்று இருக்கச் சொன்னான் (லூக்கா 3:14). கொர்நேலியு ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியாக இருந்தபடியே ஞானஸ்நானம் பெற்றார். மறுபக்கம், நான்காம் நூற்றாண்டின் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், தான் கிறிஸ்துவின் போர்வீரன், இனிச் சண்டையிடமாட்டேன் என்று சொல்லிப் படையைவிட்டு விலகி, பின்னாளில் தூர் நகரின் ஆயரானார். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிக் கொடுத்தவர் என்று அவரைத்தான் உலகம் அறியும். அவருடைய திருநாள் நவம்பர் 11. 1918-இல் முதல் உலகப்போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததும் அதே தேதியில்.

இரு மரபினரும் உங்கள் சபையில் இருப்பார்கள். ஆகவே குழுவின் குறிப்பேட்டில் ஒரு தீர்மானம் எழுதிவையுங்கள்: இந்த ஆராதனை எந்தப் போரையும் நியாயப்படுத்தவோ கண்டிக்கவோ கூடவில்லை, இறந்த மனிதர்களை நினைத்து, அவர்கள் குடும்பத்தாரோடு அழுது, சமாதானத்துக்காக ஜெபிக்கக் கூடுகிறது. பின்னால் யாராவது கட்சிப் பிரமுகரை மேடைக்கு அழைக்கவேண்டும் என்று வற்புறுத்தினால் இந்தத் தீர்மானம் உங்களுக்குத் துணைநிற்கும்.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடைபெறுகிறது. டிசம்பர் 16, 1971 போர் முடிந்த நாள். பிரிட்டனிலும் பல காமன்வெல்த் நாடுகளிலும் நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறு நினைவு ஞாயிறு. நவம்பர் 2 நம்மூர்க் கல்லறைத் திருநாள்.

கல்லறைத் திருநாளை அடுத்து வரும் ஞாயிறே பொருத்தமானது என்பேன். அந்த வாரத்தில் கல்லறைகள் சுத்தமாகி, பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். துக்கத்தைப் பேச மனங்களும் ஆயத்தமாக இருக்கும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாள்களோடு சேர்க்காதீர்கள். அவை மகிழ்ச்சியின் நாள்கள். இனிப்பு வழங்கும் இடத்தில் அழ இடமிருக்காது. சபையில் ஒரே ஒரு குடும்பம்தான் வீரரை இழந்திருக்கிறது என்றால் அவர் இறந்த நாளை ஒட்டிய ஞாயிற்றையே வைத்துக்கொள்ளலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாம் படி: பெயர்களைத் திரட்டுவது

அதிக உழைப்பைக் கேட்கும் படி இது. அதிகப் பலன் தருவதும் இதுதான்.

வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நடுகல்லுக்குக் கல் தேடுவதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. செங்கம் பகுதி நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்தப் பூசலில் வீழ்ந்தான் என்பதெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லுக்குப் படையலிட்டு வணங்குவது கிறிஸ்தவருக்கு உரியதல்ல. பெயரையும் செயலையும் துல்லியமாக எழுதிவைக்கும் அந்தக் கவனம் நமக்கும் வேண்டும்.

பெயர் விடுபடுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களுக்காக 1917-இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், CWGC), பதவியோ மதமோ பாராமல் இறந்த ஒவ்வொருவரும் பெயரோடு நினைக்கப்படவேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டது. ஆனால் இராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில், அதிகாரி நிலைக்குக் கீழிருந்த இந்தியச் சிப்பாய்கள் 33,000-க்கும் அதிகமானோர் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டார்கள். 2021-இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைக்கப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர்கூட இல்லாமல் விடப்பட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. அந்தப் போரில் இறந்த இந்தியர் 74,000-க்கும் மேல். அவர்களில் எவராவது உங்கள் ஊர்க்காரராக இருக்கலாம்.

தேடலை ஆலயத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய ஆலயங்களில் சுவரில் பதித்த நினைவுப் பலகைகள் உண்டு. பல கிராமங்களில், இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள் என்று சொல்லும் சிறு கல் பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ இருக்கும். அதில் பெயர்கள் இருக்காது, எண்ணிக்கை மட்டும். அந்த எண்ணிக்கைக்குப் பெயர் தேடுவதே அருமையான ஊழியம். ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் புரட்டுங்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் சிப்பாய், சுபேதார், சாப்பர் (பொறியியல் படைவீரர்) என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்து முதியவர்கள். பர்மாவுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா, 1962-இலும் 1965-இலும் 1971-இலும் காணாமற்போன மாமா என்று குடும்பங்களுக்குள் பேச்சு இருக்கும். கேட்டதைப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும், டெல்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் பட்டியலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது இரு உலகப்போர்களுக்கு, இரண்டாவது சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்துக்கு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழிகாட்டும். மதராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றியவர் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் தலைமையிடத்துக்கு எழுதலாம்.

ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், பதவி, படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த நாளும் இடமும், வயது ஆகியவற்றைக் குறியுங்கள். படையில் சேர்ந்தபோது எழுதப்பட்ட பெயர் வீட்டுப் பெயரிலிருந்து மாறியிருக்கும். ஆராதனையில் குடும்பம் வழங்கும் பெயரையே வாசியுங்கள்.

குண்டடிபட்டு இறந்தவர்கள் மட்டும்தானா? இல்லை. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் 19-ஆவது மதராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் இருந்தனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி மருத்துவமனையில் மரித்தார். எதிரி அங்கே பனிதான். பணியில் நோயுற்று இறந்தவர், வாகன விபத்தில் இறந்தவர் எல்லாரும் பட்டியலில் வரவேண்டும். தற்கொலை செய்துகொண்டவரையும் விடாதீர்கள். அவருடைய தாயின் வயிறும் அதே வயிறுதான். இறந்த விதத்தை வாசிக்க வேண்டியதில்லை. பெயர், வயது, ஊர் போதும்.

இந்து, முஸ்லிம் வீரர்களின் பெயர்களையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஊரார் என்ற உரிமையில், குடும்பத்தின் சம்மதத்தோடு, தாராளமாக. 1944-இல் கடும் போர் நடந்த கொஹிமாவின் போர்க் கல்லறையில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன; அதே மலைச்சரிவில், தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச்சின்னமும் நிற்கிறது. அப்படியே நாமும் செய்வோம். அவர்களுக்காக நன்றி சொல்லுங்கள். அவர்கள் ஆத்துமாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்க வீட்டாரை அழைத்துவிட்டு அதை மதமாற்ற அழைப்பாக மாற்றுவது அவர்களை ஏமாற்றுவதாகும்.

நான்காம் படி: வீட்டுக்குப் போவது

அறிவிப்புச் செய்வதற்கு முன் போங்கள். தன் கணவரின் பெயர் வாசிக்கப்படப்போகிறது என்பதை ஒரு பெண் சுவரொட்டியில் பார்த்து அறிவது கொடுமை. ஆயர் ஒருவரும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவரும் போனால் போதும். படம் எடுக்க ஆள் வேண்டாம்.

போய் உட்கார்ந்ததும் ஆறுதல் வார்த்தைகளைத் தேடாதீர்கள். “அம்மா, உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவனுக்கு என்ன குழம்பு பிடிக்கும், லீவில் வந்தால் யாரைப் பார்க்க ஓடுவான், கடைசியாகத் தொலைபேசியில் என்ன சொன்னான் என்றெல்லாம் வரும். எதையும் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவர்கள் சொல்வதில் ஒரு சிறு செய்தியை, அவர்கள் சம்மதித்தால், ஆராதனையில் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். பதக்கம் பெற்ற செய்தியைவிட அது சபையாரின் மனத்தில் அதிக நாள் நிற்கும்.

சொல்லக்கூடாதவை சில உண்டு. “ஆண்டவருக்குப் பிரியமானவர், அதனால் எடுத்துக்கொண்டார்.” “அழக்கூடாது, நீங்கள் வீரத்தாய்.” “நாட்டுக்காகப் போனான், பெருமைப்படுங்கள்.” பெருமை அவர்களுக்கு இருக்கிறது, அதை அழுகையை நிறுத்தும் கட்டளையாக்க நமக்கு உரிமையில்லை. வேதம் சொல்வது “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று (ரோமர் 12:15). தாவீது சவுலுக்கும் யோனத்தானுக்கும் பாடிய புலம்பலைப் படித்துப் பாருங்கள் (2 சாமுவேல் 1:19–27). பரலோக நம்பிக்கை பற்றியோ தேவ திட்டம் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. “பராக்கிரமசாலிகள் விழுந்துபோனார்கள்” என்ற துக்கமே திரும்பத் திரும்ப வருகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார்.

பிறகு மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பெயரை வாசிக்கலாமா? படத்தை வைக்கலாமா? குடும்பத்தினர் எங்கே உட்கார விரும்புகிறார்கள்? முன்வரிசையில் எல்லாரும் பார்க்க அழ விரும்பாதவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி மெதுவாகக் கேட்கலாம்.

ஒரே ஆலயத்தில் இரண்டு காயங்கள்

தமிழ்ச் சபைகளுக்கென்றே உள்ள ஒரு கடினத்தைச் சொல்லியாகவேண்டும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அதே காலத்தில் அந்தப் படையின் கையால் உறவினரை இழந்த ஈழத்தமிழரும் உண்டு. தமிழ்நாட்டிலோ இலண்டனிலோ டொராண்டோவிலோ இந்த இரு வீட்டாரும் ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒருவருக்கு அந்தச் சீருடை மகனின் சட்டை. மற்றவருக்கு வாசலில் நின்ற அச்சம்.

அப்படிப்பட்ட சபையில் ஆயர் இரு வீடுகளுக்கும் முன்கூட்டியே போகவேண்டும். வீரர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்ட பின், போரில் ஆயுதமேந்தாமல் இறந்த ஆண்கள், பெண்கள், பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு புலம்பல் ஜெபம் வைக்கவேண்டும். யாரையும் கட்டாயமாக எழுந்துநிற்கச் சொல்லவேண்டாம். எது நியாயம் என்ற வாதத்தை அந்த ஒரு மணி நேரத்தில் தீர்க்க முயல்வதும் வேண்டாம். இரு தாய்மாரும் ஒரே அப்பத்தில் பங்குபெற முடிந்தால் சபை தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஐந்தாம் படி: ஆராதனை ஒழுங்கு

ஒரு மணி நேரம் போதும். சங்கீதம் 46-ஐ ஆயரும் சபையாரும் மாறி மாறி வாசித்துத் தொடங்குங்கள். “அவர் பூமியின் கடைமுனைமட்டும் யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார்” என்ற ஒன்பதாம் வசனம் எல்லார் வாயிலும் வரட்டும். பின் ஒரு பாமாலை. ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’ நம் சபைகளுக்கு நன்கு தெரிந்த பாட்டு. அதன் ஆங்கில மூலத்தின் இராகத்தைத்தான் டெல்லியில் குடியரசு தின முடிவில் நடைபெறும் படை திரும்பும் நிகழ்ச்சியில் இராணுவ இசைக்குழுவினர் 2022-க்கு முன் பல ஆண்டுகள் வாசித்துவந்தார்கள். முன்னாள் இராணுவத்தினர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேதபாடங்களுக்குப் பின் பெயர் வாசிப்பு. இதை ஆயர் வாசிப்பதைவிட சபையின் முன்னாள் படைவீரரோ, இளம் பெண் ஒருவரோ வாசிப்பது நல்லது. முந்தின நாள் ஒத்திகை பாருங்கள். படைப்பிரிவின் பெயரில் தடுமாறுவதைக் குடும்பத்தார் மறக்கமாட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மணியோசை, பின் மூச்சுவிடும் அளவு இடைவெளி. மெழுகுவர்த்தி ஏற்றுவதானால் குடும்பத்துப் பிள்ளையே ஏற்றட்டும்.

பெயர்கள் முடிந்ததும் இரண்டு நிமிட மௌனம். 1919 நவம்பர் 11-இல் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்ட வழக்கம் இது. பியூகிள் என்ற இராணுவ ஊதுகொம்பை ஊத ஆள் கிடைத்தால் மௌனத்துக்கு முன் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற இறுதி வணக்க இசை, பின் விழித்தெழும் அழைப்பு. இந்த இரண்டாவது இசையை விட்டுவிடாதீர்கள். மௌனத்தோடு நிறுத்தினால் மரணத்தோடு நிறுத்தியதாகும். “எக்காளம் தொனிக்கும்” என்ற 1 கொரிந்தியர் 15:52-ஐ அந்த இடத்தில் வாசியுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது. பியூகிள் ஒலி சிலருக்குப் பழைய கலக்கத்தைக் கிளப்பும் என்பதால் படையில் இருந்து வந்தவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தேசியக் கொடியைப் பயன்படுத்துவதானால் கம்பத்தில் நேராக நிறுத்துங்கள். மேசைமேல் விரிப்பதும் பீடத்தின்மேல் போர்த்துவதும் கொடிச் சட்டத்துக்கும் பொருந்தாது, ஆலயத்துக்கும் பொருந்தாது. இராணுவ மரியாதையோடு நடைபெறும் அடக்கத்தில் பெட்டியின்மேல் கொடி போர்த்தலாம். குழியில் இறக்கும் முன் எடுத்துவிடவேண்டும். அப்படி மடித்துக் கொடுக்கப்பட்ட கொடி குடும்பத்திடம் இருக்கும். அதைக் கொண்டுவர விரும்பினால் அவர்கள் மடியிலேயே இருக்கட்டும்.

மரித்தோருக்கான ஜெபத்தில் சபைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் இறந்த வீரர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவார்கள். போரில் வீழ்ந்த தன் வீரர்களின் பாவம் நீங்க யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய செய்தி (2 மக்கபேயர் 12) அதற்கு அடிப்படை. சீர்திருத்தச் சபையார் அவர்களுக்காக நன்றி சொல்லி, உயிரோடிருப்பவர்களுக்காக மன்றாடுவார்கள். இரு சபையாரும் சேர்ந்து நடத்தும் ஆராதனைக்கு இப்படி ஒரு ஜெபம் பொருந்தும்:

“ஆண்டவரே, நாங்கள் வாசித்த ஒவ்வொரு பெயரையும் எங்களுக்கு முன்பே நீர் அறிந்திருக்கிறீர். இவர்கள் காவல் நின்ற இரவுகளில் நாங்கள் தூங்கினோம். அதற்காக நன்றியோடு நிற்கிறோம். இவர்களை உம்முடைய இரக்கத்தின் கையில் ஒப்புவிக்கிறோம். இவர்களுடைய தாய் தகப்பனையும் மனைவியரையும் பிள்ளைகளையும் எங்களிடம் ஒப்புவித்திருக்கிறீர். நாங்கள் அதை மறந்துபோகாதபடி செய்யும். எங்கள் வீரர்கள் யாரோடு போரிட்டார்களோ அவர்கள் வீட்டிலும் இன்று அழுகிறவர்கள் உண்டு, அவர்களையும் தேற்றும். எல்லையில் இப்போது நிற்பவர்களைக் காத்தருளும். பிள்ளைகளைப் புதைக்கும் பெற்றோர் இனி இல்லாத நாளைச் சீக்கிரம் வரப்பண்ணும். சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்த இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.”

எதிரிக்காக ஜெபிக்கும் வரியை எடுத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள். எடுக்காதீர்கள். 1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த பால்க்லாந்துப் போர் முடிந்தபின் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் நடந்த ஆராதனையில் காண்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, இறந்த அர்ஜென்டினியரையும் அவர்களை இழந்து அழுவோரையும் நினைவுகூர்ந்து பேசினார். வெற்றிக் களிப்பில் இருந்தவர்களுக்கு அது கசந்தது. அவர் போர் அறியாத மனிதரல்லர். இரண்டாம் உலகப்போரில் களத்தில் காட்டிய துணிவுக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர்.

ஆறாம் படி: பிரசங்கம்

பதினைந்து நிமிடத்துக்குமேல் போகவேண்டாம். என்னைக் கேட்டால் இந்த நாளுக்கு 2 சாமுவேல் 23-ஐவிடச் சிறந்த அதிகாரம் வேதத்தில் இல்லை. பெத்லெகேமின் கிணற்றுத் தண்ணீர்மேல் தாவீது ஆசைப்படுகிறான். மூன்று வீரர்கள் பெலிஸ்தரின் பாளயத்தைத் துணிந்து கடந்துபோய்க் கொண்டுவருகிறார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை. தங்கள் பிராணனை எண்ணாமல் போன மனுஷரின் இரத்தம் அல்லவா இது என்று சொல்லிக் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். தன் தாகத்துக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைத்ததை அந்த நொடியில் உணர்ந்த தலைவன் அவன். வீரரின் தியாகத்தைத் தங்கள் புகழுக்கும் வாக்குக்கும் குடித்துவிடுகிற எவருக்கும் இது எச்சரிக்கை.

அதே அதிகாரம் பராக்கிரமசாலிகளின் பெயர்ப் பட்டியலாகத் தொடர்ந்து, ஒரு பெயரில் முடிகிறது: ஏத்தியனாகிய உரியா. தாவீது தன் பாவத்தை மறைக்கப் போர்முனையில் நிறுத்திக் கொன்ற அதே மனிதன். இஸ்ரவேலனும் அல்லன். அரசனுக்கு வெட்கத்தைக் கொண்டுவரும் அந்தப் பெயரை வேதம் நீக்கவில்லை. மத்தேயு தம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே அதை மறுபடி எழுதுகிறார். தலைவர்களின் தவறான உத்தரவால் இறந்த வீரர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு; அவர்களைக் கனம்பண்ணுவதில் அந்தத் தவறை மறைக்காமலிருப்பதும் அடங்கும்.

நம் நாட்டுக் கிறிஸ்தவ வீரர்களைச் சொல்ல விரும்பினால் ஜார்கண்டின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா இருக்கிறார். 1971 டிசம்பர் 3-இல் கங்காசாகரில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை மௌனமாக்கி இறந்து, பரம் வீர் சக்ரா பெற்றார். கார்கிலில் வழுக்கும் பாறையில் ஏறக் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறிய நாகாலாந்தின் கேப்டன் கெங்குரூசே இருக்கிறார். 1999 ஜூன் 28-இல் இறந்த அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. இவர்களை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உங்கள் ஊர் வீரருக்கு வந்துவிடுங்கள். அவர் பதக்கம் பெறாதவராக இருந்தாலும் அந்த நாள் அவருடையது.

ஏழாம் படி: கல்லறைக்குச் செல்வது

சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். 1952-இல் அமைக்கப்பட்டது, இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். பின்புறத்தில், இந்தியாவின் வெவ்வேறு கல்லறைகளில் கிடக்கும் முதல் உலகப்போர் வீரர்கள் ஆயிரம் பேருக்கும் மேலானவர்களின் பெயர் தாங்கிய நினைவுச்சின்னம் இருக்கிறது. கல் எல்லாம் ஒரே அளவு, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லின் முன் நின்று பெயரையும் வயதையும் சத்தமாக வாசிக்கட்டும். இருபது, இருபத்திரண்டு என்று வயது வரும்போது மூத்த பிள்ளைகள் தங்கள் அண்ணன்மாரை நினைத்துக்கொள்வார்கள்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வீரரின் கல்லறை இருந்தால் ஆராதனைக்கு முந்தின வாரம் வாலிபர் சங்கத்தார் போய்ப் புல் செதுக்கி, எழுத்துகளுக்குச் சாயம் பூசட்டும். கல்லைச் சுண்ணாம்பு அடித்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துகள் அப்படித்தான் அழிகின்றன.

எட்டாம் படி: அதற்குப் பின் வரும் மாதங்கள்

திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது யாக்கோபு 1:27. உடல் வந்து இறங்கும் நாளில் ஊரே கூடுகிறது. ஆறு மாதம் கழித்து ஓய்வூதியக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அந்தப் பெண் தனியே நடக்கிறாள். சபையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரை அந்த வீட்டுக்கென்று நியமியுங்கள். படிவம் நிரப்புவது, நகல் எடுப்பது, கூடப் போவது அவர் பொறுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கட்டணம், சீருடை பற்றிக் கேளுங்கள். நினைவு ஆராதனையின் காணிக்கையை இதற்கென்றே ஒதுக்கி, கணக்கைத் தனியே வையுங்கள்.

உதவித்தொகை வந்த வீட்டில் மருமகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் மனக்கசப்பு வருவது சகஜம். மகனை இழந்தவர்களும் கணவனை இழந்தவளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவார்கள். சபை ஒரு பக்கம் சாயாமல் இருவரையும் தனித்தனியே சந்தித்துக்கொண்டிருக்கவேண்டும். அந்த இளம் பெண் மறுமணம் செய்துகொள்ள விரும்பினால் ஆயர் மனமாரத் துணைநிற்கட்டும். கணவன் மரித்தபின் அவள் கர்த்தருக்குட்பட்டு மணந்துகொள்ள விடுதலையுள்ளவள் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 7:39). வீரரின் மனைவி என்பதற்காக அவளை வாழ்நாள் முழுவதும் நினைவுச்சின்னமாக நிறுத்திவைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

உயிரோடு திரும்பியவர்களையும் கவனியுங்கள். தோழர்களைக் களத்தில் விட்டுவந்த குற்றவுணர்வு சிலரைத் தூங்கவிடாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் அறைக்குள் ஒடுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஜெபம் செய்யுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்தும் போங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று பேசுபவர்களை ஆயர் திருத்தவேண்டும்.

கடைசியாக ஒரு பதிவேடு. கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் போதும். திரட்டிய விவரங்கள் எல்லாவற்றையும் அதில் எழுதி, யார் சொன்னது, எந்த ஆவணத்தில் பார்த்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் வையுங்கள். ஆயர்கள் சில ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் இந்தப் புத்தகத்தின் பெயரும் இடம்பெறட்டும். உறுதிசெய்ய முடியாத பெயர்களுக்குப் பின்பக்கத்தில் இடம் விடுங்கள். அடுத்த ஆண்டு யாராவது ஒரு பாட்டி வந்து அவர் யார் என்று சொல்லக்கூடும்.